பொன்னுக்கு வீங்கிச் சங்கிலி

மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கினால் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிடும். காதுக்குக் கீழே கன்னம் உப்பிப்போய், வாயைத் திறக்க முடியாமல், கம்மங்கஞ்சியைக்கூட முழுங்க மாட்டாமல் அழுதுகொண்டு கிடப்பார்கள். அதற்கு ஊசி, மாத்திரை என்று யாரும் அலைவதில்லை. கழுத்தில் தங்கம் போட வேண்டும். தங்கம் பட்டால் வீக்கம் வத்திவிடும். ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே வத்திப்போகிற நோய்தான். ஆனாலும் பேர் என்னவோ தங்கத்துக்குத்தான்.

மானத்தைப் பார்த்து வெள்ளாமை வைக்கிற கரிசல் காட்டில் தங்கம் கிடக்கிற கழுத்து எத்தனை இருக்கும்? இருந்த நாலைந்திலும் ஆவுடைத்தாயின் சங்கிலிக்குத்தான் ராசி என்று பேர். மல்லாங்கிணற்றிலிருந்துகூட ஆள் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் பேருக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் காசிராஜனுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், மீசை முளைத்து ஏர் பிடிக்கிற வயதில், பொன்னுக்கு வீங்கி வந்தது. அவன் அம்மா முத்துமாரியம்மாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகனுக்குப் போட்டாள். பெரிய ஆளுக்கு வந்ததையே இறக்கிய சங்கிலி என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. மறுவருஷம் அதே சங்கிலியை மருமகள் கழுத்தில் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தாள். மருமகள் அந்நியமில்லை. முத்துமாரியம்மாளின் கூடப்பிறந்த தம்பி இருளப்பசாமியின் மூத்த மகள்தான் ஆவுடைத்தாய்.

அந்த மாசியிலும் கீழத்தெரு சுப்பம்மாள் வந்து நின்றாள். ஆவுடைத்தாய் களத்தில் மிளகாய்ப் பழத்தைக் காலால் தள்ளித் தள்ளிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காந்தல் ஏறி இரண்டு பேரும் தும்மினார்கள்.

"ஏத்தா ஆவுட, சின்னவனுக்கு ரெண்டு கன்னமும் வீங்கிப்போச்சு. சங்கிலியக் கொஞ்சம் குடுத்தா. வத்தவும் கொண்டாந்து தந்துருறேன்."

"இருங்க மதினி, கையெல்லாம் மொளகா. கழுவிக்கிட்டு வாரேன்."

"நானே கழத்திக்கிருறேன், திரும்பு." சுப்பம்மாள் பின்கழுத்தில் விரலை விட்டு இழுத்தாள், திருகினாள். அசையவில்லை. "இது என்னத்தா கொக்கி, இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது?"

"அது வளஞ்சுபோன கொக்கி மதினி. அமுக்கிக்கிட்டே மேல தூக்கணும். எனக்கு மட்டுந்தான் வரும்." கையைக் கழுவி முந்தானையில் துடைத்துவிட்டு, பார்க்காமலேயே கழற்றிக் கொடுத்தாள். "கொக்கிய மாட்டிறாதீங்க, நூலப் போட்டுக் கட்டுங்க."

சுப்பம்மாள் சங்கிலியை இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள். போன வாரம் அவள் மகளுக்கு வளைகாப்பு. தெருவில் எல்லாரையும் கூப்பிட்டவள் இந்த ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போனாள். சங்கிலி வேண்டும், சங்கிலி கிடக்கிற கழுத்து வேண்டாம். எங்கள் ஊர் நியாயம் இப்படித்தான் இருந்தது. அதை நியாயம் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் கூசுகிறது.

கல்யாணமாகி எட்டு ஒன்பது வருஷம் ஆகியும் ஆவுடைத்தாய்க்குப் பிள்ளை இல்லை. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். புரட்டாசியில் பருத்தி ஊன்றும்போது விதைப்பெட்டியை அவள் தொடக் கூடாது. அவள் கைபட்டால் விதை முளைக்காதாம். அதே கை களை வெட்டலாம், பருத்தி எடுக்கலாம், மாட்டுக்குத் தவிடு கரைக்கலாம், குதிரைவாலி குத்திச் சோறாக்கலாம். கொழுந்தன் பெண்டாட்டிக்கு மூன்று பிள்ளைகள். "புள்ளக்காரிக்கு எங்க நேரம்?" என்று சொல்லி அவள் வேலையும் இவள் தலையில்தான் விழுந்தது.

இந்த வருஷங்களில் அவள் உடம்புக்குச் செய்ததையெல்லாம் வைத்தியம் என்று சொன்னார்கள். வேர் அரைத்துக் கொடுத்தார்கள், வாந்தி எடுத்தாள். கோயில் தரையில் சோற்றைக் கொட்டிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தின்ன வைத்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று விரலி மஞ்சளைச் சுட்டு அடிவயிற்றில் வைத்தார்கள். டவுனில் ஒருத்தர் வயிற்றைக் கழுவிவிட்டால் சரியாகும் என்றார். ஒரு தடவை கழுவி, சரியாகவில்லை என்று மறுபடியும் கழுவினார்கள். கழுவிய மறுநாளே களையெடுக்கப் போனாள். இத்தனைக்கும் நடுவில் காசிராஜனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பாட்டுக்கு உழுதான், தின்றான், தூங்கினான்.

கடைசியில் முத்துமாரியம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். இருளப்பசாமியின் இளைய மகள் சண்முகவடிவு சமைந்து வீட்டில் இருக்கிறாள். அவளையே இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்துவிட்டால் வெளியிலிருந்து ஒருத்தி வர வேண்டியதில்லை. தம்பி மட்டும் கொஞ்சம் இழுத்தான். அவன் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் மருமகளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூத்தவளுக்கு வயிறு திறக்காது என்று பெரிய டாக்டர் வாயாலேயே ஒரு சொல் வந்துவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு.

சுப்பம்மாள் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் இரண்டு பேரும் காரியாபட்டி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். டாக்டரம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, தலைக்குக் குளித்த பிறகு வரச் சொன்னார். மறுபடி போனபோது கர்ப்பப்பைக் குழாயில் காற்றைச் செலுத்திப் பார்த்தார். தோள்பட்டை வரைக்கும் வலி ஏறியது. ஆவுடைத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். முடிந்த பிறகு மாமியாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இவங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. கர்ப்பப்பை நல்லா இருக்கு. குழாய்ல அடைப்பு இல்ல. மாசாமாசம் ஒழுங்கா வருது. வீட்டுக்காரர் எங்க?"

முத்துமாரியம்மாளுக்கு இது எதிர்பார்க்காத பதில். "அவன் வரல தாயி. பழம் பெறக்குற நேரம்."

"அவரை எப்பவாவது, எந்த டாக்டர்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?"

"அவனை எதுக்குக் காட்டணும்? கல்லு மாதிரி இருக்கான். ஒரு மூடையத் தனியாத் தூக்கி வண்டியில போடுவான்."

"மூட்டை தூக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. பிள்ளை இல்லைன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஆம்பளை பக்கமும் குறை இருக்கு. முன்னால பெரிய நோய் ஏதாவது வந்துச்சா அவருக்கு? அடிபட்டிருக்கா? வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

முத்துமாரியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யார் கேட்பார்கள் என்று காத்திருந்த கதை அல்லவா!

"அத ஏன் கேக்குறீக! கல்யாணத்துக்கு மொதல் வருசம் வந்துச்சு பாருங்க, நான் தெய்வத்தக் கும்புட்டது கொஞ்சமில்ல. ரெண்டு கன்னமும் உப்பி ஆளு அடையாளம் தெரியல. நான் கழுத்துல கெடந்தத அப்படியே கழத்திப் போட்டேன். இந்தா, இவ போட்டிருக்காளே, இதே சங்கிலிதான். போட்ட நாலாம் நாளு கன்னத்துல வத்துச்சு."

"கன்னத்துல வத்தி?"

"கன்னத்துல வத்திக் கீழ எறங்கிருச்சு. ஆம்பளப் பய, எப்படிச் சொல்ல... ரெண்டு பக்கமும் வெரை வீங்கிப்போச்சு. காலச் சேத்துவச்சு நடக்க முடியல. குளிர்சுரம் வேற. அதுக்கும் சங்கிலியக் கழத்தவே இல்ல நானு. பத்து நாள்ல அதுவும் வத்திருச்சு. மேல ஏறாம கீழ எறங்கி வெளிய போயிருச்சுன்னு எல்லாரும் சொன்னாக. அன்னையிலருந்து இதுக்கு அப்படி ஒரு ராசி!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆவுடைத்தாயின் கழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"அம்மா, நல்லாக் கேளுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா ஒண்ணும் ஆகாது. பெரியவனான பிறகு வந்து, விரையில இறங்கிச்சுன்னா, சில பேருக்கு அங்க உயிரணு உண்டாகுறதே நின்னுபோகும். எல்லாருக்கும் ஆகாது. உங்க மகனுக்கு ஆகியிருக்கான்னு சோதிச்சாத்தான் தெரியும். ஊசி இல்ல, அறுப்பு இல்ல. அவர் ஒரு நாள் வந்துட்டுப் போனா போதும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணை இனி யார்கிட்டயும் கொண்டுபோய்ப் படுக்கப் போடாதீங்க."

"எம் மகனையா மலடுங்குற?" முத்துமாரியம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "வாடி வெளிய. இவகிட்ட வந்ததே தப்பு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஊர் வருகிற வரைக்கும் மாமியார் திட்டிக்கொண்டே வந்தாள். இறங்குகிற இடத்தில் மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பொம்பள சொன்னது இந்த பஸ்ஸோட போகட்டும். வெளிய ஒரு வார்த்த வந்துச்சு, நான் அத்தையா இருக்க மாட்டேன்."

"அவுக ஒருக்கா போயிட்டு வந்தா தெரிஞ்சிருமே அத்தை. என்னைய எத்தன எடத்துக்குக் கூட்டிட்டுப் போனீக, நான் வரமாட்டேன்னு சொன்னனா?"

"நீ பொம்பள. அவன் ஆம்பள."  எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பதில் தேவைப்பட்டதில்லை.

ஆவுடைத்தாய் புருஷனிடமே கேட்டுவிடுவது என்று இருந்தாள். மறுநாள் காலையில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். காசிராஜன் கமலை ஓட்டினான். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பின்பக்கமாகவே நடந்து மாடுகள் மேலே ஏறும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். அவள் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி மடை மாற்றிக்கொண்டே பேசினாள். மாடு இறங்கும்போது அவன் தள்ளிப் போய்விடுவான். ஏறி வரும்போதுதான் பேச்சு.

"மச்சான், மருதைக்கு ஒருக்கா போயிட்டு வருவமா?"

"அம்மா எல்லாம் சொல்லுச்சு. பேசாம மடையத் திருப்பு."

"என்ன சொன்னாக?"

"அந்த டாக்டரு கிறுக்குன்னு சொல்லுச்சு."

மாடுகள் இறங்கின. தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அவள் காத்திருந்தாள்.

"கீழ எறங்குனது நெசந்தான மச்சான்?"

அவன் மாட்டின் முதுகில் சுளீரென்று வைத்தான். "அதுக்கென்ன இப்ப? நான் ஆம்பளையா இல்லையான்னு உனக்குத் தெரியாதா?"

"அது வேற, இது வேறயாம். டாக்டரம்மா சொன்னாக. ஆம்பளத்தனத்துக்கு ஒரு கொறையும் இல்லாமயே இது இருக்குமாம்."

"அங்க போயி என்னத்தக் குடுக்கச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். கூட்டாளி பால்பாண்டி சொல்லிருக்கான். நாலு பேருக்கு முன்னாடி அந்த அவமானம் எனக்கு வேணாம்."

"நாலு பேருக்கு முன்னாடி என்னையக் காலை விரிச்சுப் படுக்கப் போட்டாகளே மச்சான். அது அவமானம் இல்லையா?"

மாடுகள் நின்றுவிட்டன. அவன் ஓட்டவில்லை.  பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"ஏ ஆவுட, ஆமான்னு சொல்லிட்டாகன்னா? ஊருல என்னைய எப்படிக் கூப்புடுவான்? டீக்கடையில போயி எப்படி உக்காருவேன்?"

"என்னையக் கூப்புடுற பேர நான் சொமக்கலையா? அதுல பாதிய நீங்க வாங்கிக்கங்கன்னு சொல்லல. அது யாரு பேருன்னு தெரிஞ்சுக்கிருவம்னுதான் சொல்றேன். கொறை இருந்தாலும் இருந்துட்டுப் போகுது. நான் உங்கள விட்டுட்டு ஓடிருவனா? எந்தங்கச்சிய மட்டும் விட்ருங்க."

அந்த நிமிஷம் அவன் மனிதனாகியிருக்கலாம். வாய் திறந்தது. ஆனால் வரப்பில் மத்தியானக் கஞ்சித் தூக்குவாளியோடு அம்மா வருவது தெரிந்தது. "ஹேய்" என்று மாட்டைத் தட்டி இறக்கினான். கோழை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் சண்முகவடிவுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுவது என்று முடிவாயிற்று. ஆவுடைத்தாய் இடையில் ஒரு தரம் திருச்சுழிப் பக்கம் இருந்த அய்யா வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். இருளப்பசாமி காதைப் பொத்தாத குறைதான். "பொம்பளைக வெவகாரத்த எங்கிட்ட வந்து சொல்லாத தாயி. அக்கா சொல்லி நான் எதைத் தட்டிருக்கேன்? நாளைக்கு ஒன்னையத் திருப்பி அனுப்பிட்டாகன்னா நான் என்ன செய்வேன்?" என்றார். தங்கச்சியைக் கொடுத்தால்தான் மூத்தவளுக்கு அந்த வீட்டில் சோறு என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பாவம், அவரும் பயந்துதான் கிடந்தார். பயந்தவர்கள் செய்கிற அநியாயத்துக்கு ஒரு அளவே கிடையாது.

பூ வைக்கிற அன்று உறவு முறையெல்லாம் வந்து இருளப்பசாமி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தது. பெரிய மனிதராக முத்துமாரியம்மாளின் புருஷன் வழிப் பங்காளி தனுஷ்கோடி வந்திருந்தார். ஆவுடைத்தாய் அடுப்படியில் வந்தவர்களுக்குப் பானகம் கரைத்தாள். தன் புருஷனின் இரண்டாம் கல்யாணத்துக்கு அவளேதான் புளி கரைக்க வேண்டியிருந்தது. சண்முகவடிவு தலை பின்னிக்கொண்டு, மூலையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா."

"என்னம்மா?"

"எனக்கும் புள்ள வராட்டி?"

ஆவுடைத்தாய் கரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"எனக்கும் வராட்டி, என்னையும் சூடு வப்பாகளாக்கா?" தங்கச்சியின் கண் அக்காவின் இடுப்பில் புடவை விலகின இடத்தில் நின்றது. மஞ்சள் சுட்ட தழும்பு அங்கே கறுத்துக் கிடந்தது.

"வைக்க மாட்டாக," என்றாள் ஆவுடைத்தாய். கையைக் கழுவினாள். "நீ இங்கயே இரு. நான் கூப்புடாம வெளிய வராத."

கூடத்தில் தனுஷ்கோடி பேசிக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஒரு சொல்லு வந்துறக் கூடாது. மூத்தவ மனசு ஒப்பித்தான் நடக்குதுன்னு நாலு பேரு பாக்கணும். அவ கையாலயே தங்கச்சிக்குப் பூ வைக்கட்டும்."

"பூ மட்டுமில்ல மாமா," என்றாள் முத்துமாரியம்மாள். "நான் அவளுக்குப் போட்ட சங்கிலிய அவளே கழத்தி எளையவளுக்குப் போடட்டும். ராசியான சங்கிலி. ஏ ஆவுட, வா தாயி இங்க. வடிவக் கூப்புடு."

ஆவுடைத்தாய் வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள். அமுக்கி மேலே தூக்கினாள். சங்கிலி கழன்று கைக்கு வந்தது. மஞ்சள் கயிற்றில் தாலி மட்டும் கழுத்தில் கிடந்தது.

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை. ஜமுக்காளத்தில் ஆம்பளைகளுக்கு நடுவே, புது வேட்டி கட்டி, சந்தனம் பூசி உட்கார்ந்திருந்த காசிராஜனுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். சங்கிலியை அவன் கழுத்தில் போட்டாள். கொக்கியை மாட்டினாள்.

"ஏய், என்னடி செய்யிற?"

"போட வேண்டியவுகளுக்குப் போட்டேன் அத்தை." அவள் சத்தம் போடவில்லை. ஆனால் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. "இது பொன்னுக்கு வீங்கிக்குப் போடுற சங்கிலி. ஊருக்கே தெரியும். இவுகளுக்கு அப்ப மேல வீங்குச்சு, அப்புறம் கீழ எறங்கி ரெண்டு பக்கமும் வீங்குச்சு. நான் சொல்லல, அத்தைதான் மருதையில டாக்டரம்மாகிட்டப் பெருமையாச் சொன்னாக. அப்படி எறங்குனா புள்ள வராமப் போகும், ஒருக்கா சோதிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாக. எங்கிட்ட ஒரு கொறையும் இல்லன்னும் சொன்னாக. இவுக அதை இன்னவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, சோதிக்கவும் போகல. வெத பொட்டையா, மொளைக்குமான்னு பாக்காம இன்னொரு காட்ட உழுகப் பாக்குறீக. அதுவும் எங்க அய்யா வீட்டுக் காட்ட."

"பொய்யி! நாக்கு அழுகிப்போயிரும்!" முத்துமாரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். ஆனால் கூடத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் காசிராஜனின் கழுத்தில் இருந்தது. கன்னத்தில் வத்திக் கீழே இறங்கிய கதையை அவள் வாயாலேயே எத்தனை வருஷமாகக் கேட்டவர்கள் அவர்கள்! பின்னால் நின்ற பொம்பளைகளில் ஒருத்தி, "ஆமா, எங்கிட்டயும் சொல்லிருக்காக" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

இருளப்பசாமி எழுந்தார். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல், தாம்பாளத்தில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, பூவ எடுத்துக்கிட்டுப் போங்க."

"தம்பி!"

"எடுத்துக்கிட்டுப் போங்கக்கா."

காசிராஜன் எழுந்துவிட்டான். முகமெல்லாம் வேர்த்துச் சந்தனம் வழிந்தது. இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்க் கொக்கியைத் தேடினான். இழுத்தான், திருகினான். அது பிடித்துக்கொண்டு நின்றது. கழுத்தை ஒட்டின சங்கிலி, தலை வழியாகவும் வராது. பக்கத்தில் இருந்த தனுஷ்கோடியைப் பார்த்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். முத்துமாரியம்மாள் வந்து மகன் கழுத்தில் கை வைத்தாள். அவளுக்கும் வரவில்லை. எத்தனையோ வருஷம் அவள் கழுத்தில் கிடந்ததுதான். ஆனால் அது வளைந்தது மருமகள் கழுத்தில்.

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அமுக்கிக்கிட்டே மேல தூக்கணும் மச்சான். அது எனக்கு மட்டுந்தான் வரும்," என்றாள் ஆவுடைத்தாய். "மருதைக்குப் போயிட்டு வாங்க. வந்த பெறகு நானே கழத்தி விடுறேன்."